தொடையில் வெள்ளைக் கோடு

சென்னைக்கு நான் வந்தால் அது பட்டுப்புடவைக்காக இருக்கும், இல்லை யாராவது கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருப்பார்கள். எலி பார்க்க வந்தது இதுதான் முதல் தடவை. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் "ஷாப்பிங்கா?" என்று கேட்டபோது ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எலி என்று சொன்னால் மனிதர் இடத்தை மாற்றிக்கொண்டு போயிருப்பார்.

அழைத்தவன் பாஸ்கர். எனக்குத் தம்பி முறை. அவன் தாத்தாவும் என் தாத்தாவும் அண்ணன் தம்பி. ஒருவர் கப்பலேறி மலாயாவுக்குப் போனார், ஒருவர் குன்றத்தூரிலேயே இருந்துவிட்டார். அதனால் நான் கிள்ளானில் இருக்கிறேன், பாஸ்கர் ஒரகடத்தில் லாரி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசராக இருக்கிறான். கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். மங்கலான படம். யாருடைய கைக்குள்ளிருந்தோ இரண்டு பெரிய கண்களும் நீண்ட மீசையும் எட்டிப் பார்த்தன. கூடவே குரல் பதிவு.

"அக்கா, அமெரிக்காலருந்து ஒரு பழைய பிரஸ் மெஷின் வாங்கினோம். அதுக்கு அடியிலருந்து வந்துச்சுக்கா இது. ஸ்டோர்ஸ் பொண்ணுங்க ஒரு பிளாஸ்டிக் பின்னுல போட்டு வளத்துகினு இருந்திருக்குதுங்க. ஒரு பொண்ணக் கடிச்சிடுச்சு. ஜுரம் இறங்கவே மாட்டேங்குது. இன்னா எலின்னு டாக்டர் கேக்கறாங்க. நீதான் அமெரிக்காவுல எலி புடிச்சவளாச்சே."

பிடித்தவள்தான். படிக்கிற காலத்தில் அங்கே பாலைவனத்தில் கங்காரு எலிகளைப் பிடித்து, அளந்து, விட்டுக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் அடங்கும் பிராணி. பின்னங்கால் இரண்டால் தத்தித் தத்திப் போகும். தண்ணீரே குடிக்காமல் காய்ந்த விதையைத் தின்று காலம் தள்ளும். பாலைவனத்து ஊரில் வெட்டவெளியில் கிடந்த மெஷின் என்றும், வாரக்கணக்கில் கடலில் வந்தது என்றும் பாஸ்கர் சொன்னபோது எனக்குக் கங்காரு எலிதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பயணத்தில் பிழைக்கக்கூடிய எலி அதுதான். அந்தப் பக்கத்து எலிகளின் தெள்ளுப்பூச்சி எப்போதாவது கொண்டுவரும் ஒரு நோயின் பெயரும் ஞாபகத்துக்கு வந்தது. அதை அப்போது வாயால் சொல்லவில்லை. இப்போதும் எழுத மனம் வரவில்லை.

முறையான நிபுணர்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வர நாளாகும் என்றார்கள். ஜுரம் அதுவரை காத்திருக்குமா என்று தெரியவில்லை. நான் பெட்டியைக் கட்டினேன்.

முதல் நாள் மழையோடு விடிந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கடைப் பலகைகளில் தமிழுக்குச் சரிசமமாகக் கொரிய எழுத்து. அதற்கடியில் ஒரு தள்ளுவண்டியில் வாழைப்பூ வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிள்ளானில் இந்த மழைக்கு ரொட்டி சானாய் பரோட்டாவும் தே தாரே டீயும் உள்ளே போயிருக்கும். இங்கே வடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். சாப்பிட முடியவில்லை. டீக்கடையில் நின்ற எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறப்பார்களா என்பதைப் பற்றியே பேசினார்கள். வடக்கத்தி இளைஞர்கள் இருவர் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். பாஸ்கரிடம் அர்த்தம் கேட்டேன். "எங்கம்மாகிட்ட இங்க மழையேன்னு சொன்னா, அப்போ கட்டில் மேலயே இருடாங்குது, அப்படின்னு ஒருத்தன் சொல்றான்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காக உடனே பயமும் வந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைக் கண்ணாடிக்கு வெளியே இருந்துதான் பார்க்க விட்டார்கள். செல்வராணி. தென்காசிக்குப் பக்கம். கம்பெனி ஹாஸ்டலில் தங்கி ஸ்டோர்ஸில் வேலை செய்கிறாள். உதடு காய்ந்து, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வலது கை ஆள்காட்டி விரலில் கட்டு. என் மகள் வயதுதான் இருக்கும். மகள் இந்நேரம் பினாங்கில் யாரோடோ வாயாடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நர்ஸ் வெளியே வந்து, "எலி ஸ்பெஷலிஸ்ட் நீங்கதானா? முழிச்சப்போ உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா" என்றார்.

"என்ன?"

"பொடியன ஒண்ணும் பண்ணிராதீங்கன்னு."

பொடியன் என்பது எலியின் பெயர்.

டாக்டர் என்னைவிட இளையவர், தூக்கமில்லாத முகம். நின்றுகொண்டே பேசினார். "உள்ளூர் எலின்னா எனக்குத் தெரிஞ்ச ஜுரம். அந்த ஊர் எலின்னா நான் வேற மாதிரி யோசிக்கணும். இப்போ ரெண்டுக்கும் சேர்த்து மருந்து போயிட்டிருக்கு. அதுல ஒண்ணு கிட்னியைப் படுத்துது. சீக்கிரம் சொல்லுங்க."

கம்பெனியில் நுழைந்ததும் தலையில் ஹெல்மெட், காலில் இரும்பு முனை வைத்த ஷூ. ஷூ எனக்கு ரொம்பப் பெரியது. உதிரிபாகம் போட்டுவைக்கும் நீலப் பிளாஸ்டிக் பெட்டியை அங்கே பின் என்கிறார்கள். அப்படி ஒரு பின், மேலே கம்பி வலை, உள்ளே கிழிந்த கையுறைகளைக் குவித்த படுக்கை. சுற்றிலும் ஒரு கூட்டம். பின்னின் பக்கத்தில் பச்சை அட்டை தொங்கியது. சரிபார்த்து அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைத்த பொருளுக்கு மாட்டும் அட்டை அது.

"பொடியன் நல்லா வளந்துட்டான் மேடம்" என்றார் லைன் லீடர் ஏழுமலை. நாற்பது வயதிருக்கும், பக்கத்து ஊர்க்காரர். "பொரிகடல துன்னு துன்னு பெருத்துட்டான்."

முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு, உள்ளே கைவிட்டேன். பிடரியைப் பிடித்துத் தூக்கினேன். பெரிய கண், சரி. நீண்ட பின்னங்கால், சரி. வால் நுனியில் கறுப்புக் குஞ்சம், அதுவும் சரி. இந்த மூன்றும் கங்காரு எலிக்கும் உண்டு, உள்ளூர் எலி ஒன்றுக்கும் உண்டு. முன்பல்லில் பள்ளமும் அப்படித்தான், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிறகு பின்னங்காலில் விரல்களை எண்ணினேன். ஐந்து. கங்காரு எலியிலும் சில இனத்துக்கு ஐந்து உண்டு. தொடையைத் திருப்பிப் பார்த்தேன். கங்காரு எலிக்குத் தொடையில் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று ஓடி வாலில் போய்ச் சேரும். இதற்கு இல்லை. கன்னத்தை வெளியிலிருந்து விரலால் தடவினேன். கங்காரு எலிக்கு வாய்க்கு வெளியே, கன்னத்தின் இருபுறமும், உள்ளே ரோமம் வைத்த பை இருக்கும். சட்டைப் பைக்குள் விரலை விடுவதுபோல விடலாம். இதற்கு அதுவும் இல்லை.

வெள்ளெலி. இந்த ஊர் வரப்புகளில் வளை தோண்டி இருக்கும் சாதாரண வெள்ளெலி.

பக்கத்தில் இருந்த மரப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். பாஸ்கர் கையெடுத்துக் கும்பிட்டான். போனில் சொன்னதும் டாக்டர் "நல்லவேளை" என்றார். "அப்போ அந்த ரெண்டாவது மருந்தை நிறுத்திடறேன்."

அன்று மத்தியானம் நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் பிரியாணி சாப்பிட்டேன். கத்தரிக்காய் தொக்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் வாங்கிய வடையும் தீர்ந்தது. அடுத்த நாள் புடவைக் கடைக்குப் போகலாம் என்றுகூடப் பாஸ்கரிடம் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நல்ல சேதி இருக்கும் என்ற நம்பிக்கை. ஜுரம் அப்படியே இருந்தது. எதிர்ப்பக்க டீக்கடையில் செல்வராணியின் அறைத்தோழி முத்துலட்சுமி துணிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். நான் யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்றாள்.

"உள்ளூர் வெள்ளெலிதாம்மா, பயப்படாதே" என்றேன்.

"அப்படியாக்கா? எங்க ஊருப் பக்கமும் வெள்ளெலி கெடக்கும். ஆனா இப்படி வேடிக்க காட்டிப் பாத்ததில்ல. வீடியோ எடுத்து வச்சிருக்கேன், பாக்கியளா?"

பார்த்தேன். செல்வராணியின் கையில் பொரிகடலை. அதன் முன்னால் ஒரு சின்னஞ்சிறு பிராணி. இரண்டு முன்னங்கைகளாலும் பொரிகடலையை எடுத்து எடுத்துத் திணிக்கிறது. வாய்க்குள் அல்ல, கன்னத்துக்குள். கன்னங்கள் இரண்டும் புடைத்துக்கொண்டே போகின்றன. பின்னால் செல்வராணியின் சிரிப்புச் சத்தம், "ஏட்டி, இவன் நாளைக்கும் சேத்துல்லா கெட்டிக்கிட்டுப் போறான்!" பிராணி திரும்பியது. தொடையில் பளிச்சென்று வெள்ளைக் கோடு.

கையில் இருந்த டீ என் புடவையில் கொட்டியது. முத்துலட்சுமி பதறித் துடைத்தாள்.

எலியை நான் சரியாகத்தான் அடையாளம் சொன்னேன். ஆனால் அது வேறு எலி. கடித்தது இதுதானா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டரைப் பிடித்து வீடியோவைக் காட்டினேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நேத்து இல்லைன்னீங்க, இன்னைக்கு ஆமாங்கறீங்க" என்று மட்டும் சொன்னார். "மருந்தைத் திரும்ப ஆரம்பிக்கறேன். ஆனா கிட்னி ரீடிங் ஏறிட்டிருக்கு. யூகத்துல ரொம்ப நேரம் குடுக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள அந்த எலியக் கொண்டாங்க. அதோட ரத்தத்தை டெஸ்ட் பண்ணணும்."

பாஸ்கர் மீட்டிங்கில் இருந்தான், போனை எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்தேன். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்ற சாலையில், முழங்கால் தண்ணீருக்குள் போய் ஆட்டோ இருமி நின்றது. "சைலன்சர்ல தண்ணி பூந்துச்சு மேடம், இனிமே இது நவுராது" என்றார் டிரைவர். நான் அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எதிரே வந்த வெள்ளைக் கம்பெனி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, "ஒரகடம்தான் போவுது, ஏறிக்கோம்மா" என்று ஏற்றிவிட்டார்.

அங்கே எல்லாக் கம்பெனி பஸ்ஸும் வெள்ளை. முன்கண்ணாடியில் இருக்கும் அட்டைதான் வித்தியாசம். அதை நான் பார்க்கவில்லை. ஏறியது வேறு கம்பெனி பஸ். அது தெரியாமல் ஈரப் புடவையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு எலி எப்படி இன்னொரு எலியாக மாறும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் தெற்கத்திப் பையன்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஒரு பீஸ் கொறஞ்சிருச்சுல. சூப்பர்வைசர் எண்ணுனா லைன நிப்பாட்டிருவான்."

"பெறவு?"

"பெறவென்ன, பக்கத்து லைன்ல வேற மாடல் ஒண்ணு கெடந்துச்சு, எடுத்து வச்சிட்டேன். கவுண்ட்டு சரியாப் போச்சு. அடுத்த ஷிஃப்ட்டுக்காரன் பாத்துக்கிடட்டும்."

நான் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டேன். பின்னில் தொங்கிய பச்சை அட்டை கண்முன் வந்தது.

பஸ் வேறொரு கேட்டுக்குள் திரும்பியது. நான் கத்தி இறங்கினேன். அங்கிருந்து மழையில் நடந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாஸ்கரின் கம்பெனி கேட்டை அடைந்தேன். செக்யூரிட்டி என்னை உள்ளே விடவே யோசித்தார்.

ஏழுமலையை ஸ்டோர்ஸில் தேடிப் பிடித்தேன். "கவுண்ட் குறைஞ்சுதா?" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணக் கடிச்ச அன்னிக்கே பின்னு கவுந்து ஓடிப்பூடுச்சு மேடம். அடுத்த ஷிஃப்டு வந்துகினு இருந்தாங்க. அட்டையில, பின்னுல ஒண்ணுன்னு எழுதிக் கீது. காலி பின்ன எப்டி ஒப்படைக்கறது? பின்னாடி வரப்புல ஒண்ணு புடிச்சாந்து வெச்சோம். பாக்கச் சொல்ல அதே மாரிதான் இருந்துச்சு."

"ஏழுமலை, நேத்து நான் பார்க்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதா?"

"உள்ளூர் எலின்னதும் எல்லாரும் சந்தோசப்பட்டீங்க மேடம். இன்னாத்தச் சொல்றது?" அவர் கண் கலங்கியிருந்தது. "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

எனக்கு அவரைத் திட்டவும் தோன்றவில்லை, தேற்றவும் தெரியவில்லை. நேற்றுச் சந்தோஷப்பட்டவர்களில் முதல் ஆள் நான்.

எங்கே போயிருக்கும்? வெளியே எங்கு பார்த்தாலும் தண்ணீர். இந்தப் பிராணிக்கு ஈரம் ஆகாது. ரோமத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், அதைப் போக்கத் தினம் காய்ந்த மணலில் புரள வேண்டும். "இங்கே காய்ந்த மணல் எங்காவது இருக்கிறதா?" என்று கேட்டேன். இந்த மழையில் இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தவர், சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "கீது மேடம். ஃபவுண்டரியில."

உலோகத்தை உருக்கி வார்க்கும் கூடம் அது. அச்சு செய்ய மணல் வேண்டும், அந்த மணலில் சொட்டு ஈரம் கூடாது. கூரைக்கடியில் ஒரு மூலையில் குன்று போலக் குவித்திருந்தார்கள். அடிவாரத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். இரண்டு இரண்டாகக் குட்டிக் கால்தடம். நடுவில் வால் இழுத்த கீற்று. முன்னங்கால் தடமே இல்லை. அந்தப் பாலைவனத்தில் எத்தனையோ விடியற்காலை பார்த்த தடம் ஒரகடத்தில், வார்ப்பு மணலில் கிடந்தது.

தடம் போய் முடிந்த இடத்தில் வளை எதுவும் தெரியவில்லை. அதற்கு நான் ஏமாறவில்லை. பகலில் உள்ளே போய் வாசலை மணலால் அடைத்துக்கொள்வது அதன் பழக்கம். ஏழுமலை மணல் சலிக்கும் பெரிய சல்லடையைக் கவிழ்த்துத் தயாராகப் பிடித்தார். நான் கையுறை மாட்டி, மூக்கைக் கட்டிக்கொண்டு, மண்டியிட்டுக் கையால் தோண்டினேன். மணல் சரிந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாஸ்கர் மூச்சிரைக்க ஓடிவந்து பின்னால் நின்று, "அக்கா, டாக்டர் போன் பண்ணிகினே இருக்காங்க" என்றான். அந்த நேரம் மணல் வெடித்தது. எதுவோ என் காதுவரை எம்பியது. சல்லடை டமாரென்று விழுந்தது.

உள்ளே நடுங்கிக்கொண்டு நின்றது பொடியன். பிடித்துத் திருப்பினேன். வெள்ளைக் கோடு, தொடையிலிருந்து வால்வரை. பின்னங்காலில் விரல் நான்கு. நான்கு விரல் என்றால் அதில் சின்ன இனம், நான் படிக்கிற காலத்தில் அதிகம் பிடித்து அளந்தது. கன்னப் பைக்குள் விரல் நுனியை விட்டேன். செல்வராணியின் பொரிகடலை ஒன்று வெளியே விழுந்தது.

போனில் டாக்டரிடம் இனத்தைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், அந்த நோயின் பெயரையும் வாய்விட்டுச் சொன்னேன். அவர் உடனே பதில் சொன்னார். "மருந்தைத் தொடரறேன். எலிய அனுப்புங்க."

அனுப்புவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ரத்தம், ஈரல், எல்லாம் வேண்டும். உயிரோடு திரும்பாது. அந்தக் காலத்தில் ஆய்வுக்காக எத்தனையோ எலிகளைக் கொடுத்திருக்கிறேன், ஒருநாளும் மனம் கனத்ததில்லை. அன்று பெட்டியை மூடும்போது அந்தப் பெரிய கண்களைப் பார்க்க முடியவில்லை. கடல் கடந்து பிழைத்து வந்து, இந்த மழையிலும் தனக்கென்று ஒரு பிடி காய்ந்த மண்ணைக் கண்டுபிடித்துவிட்டிருந்தது.

அடுத்த இரண்டு நாளும் நான் எங்கும் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கிடந்தேன். பாஸ்கரின் மனைவி இட்லி கொடுத்தனுப்புவாள், முத்துலட்சுமி அதில் பாதியை என்னை மிரட்டிச் சாப்பிட வைப்பாள். ஏழுமலை ஷிஃப்ட் முடிந்ததும் வந்து தூரத்தில் நிற்பார், யாரிடமும் எதுவும் கேட்காமல் போய்விடுவார். மூன்றாம் நாள் காலை ஜுரம் இறங்கியது. டாக்டர் எங்களைத் தாண்டிப் போகும்போது, "மருந்து பிடிச்சுக்கிச்சு. கிட்னியும் பரவால்ல" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார். முத்துலட்சுமி என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும்தான்.

நான் ஊருக்குக் கிளம்பும் நாளிலும் கண்ணாடிக் கதவைத் திறக்கவில்லை. போனில்தான் பேச வேண்டும். செல்வராணி முதலில் கேட்பது என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "செத்துட்டுன்னு சொல்லிராதீங்கக்கா, ஒடஞ்சு போயிருவா" என்று முத்துலட்சுமி கெஞ்சினாள். கம்பெனியில் பின்னும் வெள்ளெலியும் அப்படியே இருந்தன. கடைசியாகச் சொல்லிக்கொண்டு போக அங்கே போயிருந்தேன். அங்கிருந்தே செல்வராணியை அழைத்து, வீடியோவைப் பின்னின் பக்கம் திருப்பினேன்.

"பாரும்மா, பொடியன். நன்றாக இருக்கிறான்" என்றேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கக்கா. தொடைய."

போனை ஏழுமலையிடம் கொடுத்துவிட்டு உள்ளே கைவிட்டேன். பிடித்துத் திருப்பினேன். தொடையில் கோடு இல்லை. ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார்.

செல்வராணி மெதுவாகச் சிரித்தாள். கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. "நாங்களும் இப்படித்தாம்க்கா. கொறஞ்சா வேற எடுத்து வச்சு கவுண்ட்ட சரி பண்ணிருவோம்" என்றாள்.

நான் எலியைப் பின்னுக்குள் விட்டேன். அவளே பேசினாள்.

"இவனுக்கும் பொரிகடல போடச் சொல்லுங்கக்கா. இவன் யாரையும் கடிக்கலல்லா."